ஒயின் பாட்டிலும் பூச்சிமருந்தும்

ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றிலிருந்து ஆறு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் வந்து சேர்வதற்குள் வாயோரம் நுரை தள்ளிவிட்டது. கண்பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பூச்சிமருந்தை ஒரு மடக்கு குடித்திருக்கிறான். "ஜூஸுன்னு நெனச்சுட்டான் டாக்டர்" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார்.

பையன் பிழைத்துவிட்டான். அப்புறம் பல நாள் எனக்கு ஒரு நாடகம் நினைவில் ஓடியது: 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்'. புரூக்ளினில் வயதான சகோதரிகள் இருவர், அக்கம்பக்கமே மெச்சும் நல்ல மனசுக்காரர்கள். துணையற்ற கிழவர் யாராவது வந்தால் உட்காரவைத்து, வீட்டில் செய்த ஒயினைக் கொடுப்பார்கள். அதில் விஷம். அவர்களுக்கு அது கருணை.

ஜோசப் கெஸல்ரிங் எழுதிய இந்தக் கதை, சிரிப்பு நாடகமாக 1941 ஜனவரி 10 அன்று நியூயார்க்கில் மேடையேறியது. அந்த டிசம்பரில் அமெரிக்காவும் இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. நாடகம் நிற்கவில்லை; 1944 ஜூன் வரை 1,444 காட்சிகள். லண்டனிலும் 1,300-க்கு மேல் ஓடியது. 1941-லேயே எடுத்த சினிமாகூட, மேடை ஓட்டம் முடியட்டும் என்று 1944 வரை தியேட்டருக்கு வராமல் காத்திருந்தது. கதையில் பார்ப்பவர்கள் எல்லாம் 'போரிஸ் கார்லாஃப் மாதிரி இருக்கிறான்' என்று சொல்லும் வில்லன் வேடத்தில், நியூயார்க் மேடையில் திகில் பட நடிகரான அந்தக் கார்லாஃபே நடித்தார். திரை விழுந்ததும், நிலவறையில் புதைக்கப்பட்டவர்கள் எழுந்து வந்து வணங்குவார்கள். அரங்கம் அதிருமாம்.

என் வார்டில் அப்படி எழுந்து வருகிறவர்கள் குறைவு. அந்தக் கிழவர்கள் ஏன் சந்தேகப்படவில்லை? ஒயின் பாட்டில், பாசமான கை. நம் வீட்டிலும் அதேதான்: தண்ணீர் பாட்டிலில் மண்ணெண்ணெய், ஜூஸ் பாட்டிலில் களைக்கொல்லி. தோட்டத்து ஸ்டோரிலிருந்து கொஞ்சம்தானே என்று பிரித்து வாங்கி வருகிறோம். வந்த டப்பாவிலேயே இருக்கட்டும், பூட்டு போட்ட அலமாரியில்.

தப்பித் தவறிக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் என்றால் அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை வேகமாகும். அன்று பையனின் அப்பா ஸ்டோருக்கு ஓடி, பழைய டப்பாவின் லேபிளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு என்ன கொடுப்பது என்று முடிவு செய்தோம்.