பார்த்து அடிக்க நேரமில்லாத பந்து

2004இல் அமெரிக்காவில் ஒரு காட்சி ஆட்டம். பந்து வீசுபவர் சாஃப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச். எதிரே மட்டையோடு நிற்பவர் ஆல்பர்ட் பூஹோல்ஸ், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பேஸ்பால் பேட்டர்களில் ஒருவர். சாஃப்ட்பாலில் பந்து பேஸ்பாலைவிட அளவில் பெரியது, வேகமும் குறைவு. ஆனாலும் பூஹோல்ஸ் ஸ்ட்ரைக் அவுட்: அடிக்கத் தவறிய பந்துக்கு ஸ்ட்ரைக் என்று பெயர், மூன்று ஆனால் ஆட்டமிழப்பு. கண்ணிலோ கையிலோ கோளாறு இல்லை. ஃபின்ச் கையைக் கீழிருந்து சுழற்றி, இடுப்பு உயரத்தில் பந்தை விடுகிறார். தோளுக்கு மேலிருந்து வரும் பந்துகளையே பார்த்துப் பழகிய மூளைக்கு அந்தக் கையசைவிலிருந்து எதையும் ஊகிக்கத் தெரியவில்லை.

பேஸ்பாலில் அடிப்பதில் பெரும்பங்கு ஊகம்தான். கணக்குப் போட்டால் புரியும். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் மேட்டிலிருந்து பேட்டர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீட்டர். ஓர் எட்டு முன்னால் வைத்துப் பந்தை விடுவதால் அது பறக்கும் தூரம் 17 மீட்டருக்குள் அடங்கும். மணிக்கு 153 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 0.4 விநாடியில் பிளேட்டுக்கு வந்துவிடும். மட்டையைச் சுழற்றவே ஏறக்குறைய 0.15 விநாடி போய்விடுகிறது. மிச்சமிருக்கும் கால் விநாடிக்குள் பார்க்கவும் வேண்டும், முடிவெடுக்கவும் வேண்டும். கடைசி ஓரிரு மீட்டரில் பந்து கடக்கும் வேகத்துக்குக் கண்ணால் ஈடுகொடுக்கவே முடியாது. "மட்டையில் படும்வரை பந்தைப் பார்" என்று பயிற்சியாளர்கள் சொல்வது நடக்காத காரியம். தலை ஆடாமல் இருக்க உதவும், அவ்வளவுதான்.

இந்த இடுக்கில்தான் பிட்சர் விளையாடுகிறார். சேஞ்சப்பை எடுத்துக்கொள்வோம். ஃபாஸ்ட்பாலுக்கு வரும் அதே கைவீச்சு, ஆனால் பந்தை உள்ளங்கையோடு ஒட்டிப் பிடிப்பதால் வேகம் 137 கிலோமீட்டராகக் குறைகிறது. வித்தியாசம் 0.05 விநாடிதான். ஆனால் ஃபாஸ்ட்பால் என்று நம்பிச் சுழற்றினால், மட்டை பிளேட்டைத் தாண்டும் நேரத்தில் பந்து இன்னும் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளி வந்துகொண்டிருக்கும். கூடுதல் நேரம் பறப்பதால் புவியீர்ப்பில் கூடுதலாக இறங்கவும் செய்யும். கர்வ்பால் இன்னும் மோசம். மேற்பக்கம் முன்னோக்கி உருளும்படி சுழல்வதால் காற்றும் அதைக் கீழே தள்ளுகிறது. ஃபாஸ்ட்பாலின் சுழற்சி நேர் எதிர். எதிர்பார்த்த அளவு இறங்காததால் அது மேலே எழும்புவதுபோலத் தோன்றும்.

அப்படியானால் கடினமான பந்தை அடிக்க என்ன வழி? கையை வேகப்படுத்துவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆமாம், ஆனால் அந்த வேகத்தின் பெரிய பலன் தூரம் இல்லை, காத்திருப்பு. சுழற்சியில் 0.02 விநாடி மிச்சம் பிடித்தால், முடிவெடுக்கும் முன் பந்தை இன்னும் முக்கால் மீட்டருக்கு மேல் கூடுதலாகப் பார்க்கலாம். அதற்கு ஜிம்முக்குப் போகாமலே ஒரு குறுக்குவழி உண்டு. மட்டையின் பிடியில் ஓரிரு அங்குலம் மேலே ஏற்றிப் பிடித்தால் கனமான முனை கைக்கு அருகே வரும், சுழற்றுவது லேசாகும். இப்போது ஓய்வுபெற்றுவிட்ட பேட்டர் ஜோயி வாட்டோ, இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் இதைத்தான் செய்துவந்தார்.

அப்புறம் மட்டையின் பாதை. பந்து கீழ்நோக்கிச் சரிந்து வருகிறது. மட்டையை மேலிருந்து கீழே வெட்டினால் இரண்டு பாதைகளும் ஒரே ஒரு புள்ளியில் சந்திக்கும். ஒரு நொடித்துணுக்கு தவறினாலும் போச்சு. லேசாக மேல்நோக்கிச் சுழற்றினால் மட்டை பந்து வரும் கோட்டிலேயே சற்று நீண்ட நேரம் இருக்கும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் எங்காவது படும். "கீழ்நோக்கி அடி" என்பது வேதவாக்காக இருந்த காலத்திலேயே புகழ்பெற்ற பேட்டர் டெட் வில்லியம்ஸ் இதைச் சொல்லிவந்தார். வெளிப்புறமாக வரும் பந்தென்றால் இன்னும் உள்ளே வரவிட்டு, எதிர்ப்பக்க மைதானத்துக்குத் தள்ளுவது அவசரப்படாதவர்களின் வழி.

கண்ணுக்கும் பயிற்சி உண்டு. பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள், எல்லாம் சிவப்பு நூல். ஸ்லைடர் என்ற, பக்கவாட்டில் விலகும் பந்து, தோட்டாவைப் போலச் சுழன்று வரும்போது தையல் சில நேரம் பேட்டரை நோக்கி ஒரு சிறு சிவப்புப் பொட்டாகத் தெரியும். பொட்டைக் கண்டால் பந்து விலகப் போகிறது என்று பொருள். இதற்காகவே பிட்சர்கள் பயிற்சி எடுக்கும் இடத்தில் மட்டையோடு போய் நின்று, ஒன்றையும் அடிக்காமல், பந்து கையை விட்டதுமே "ஃபாஸ்ட்", "கர்வ்" என்று சொல்லிப் பழகலாம். பார்ப்பவருக்குச் சும்மா நிற்பதுபோல இருக்கும். மூளைக்கு அதுதான் கடும் உழைப்பு.

ஏனென்றால் கடினமான பந்துகளில் பல, அடிக்கவே கூடாதவை. முழங்காலுக்குக் கீழே விழும் கர்வ்பாலைத் தொடாமல் விட்டால் அது பிட்சரின் கணக்கில் ஒரு 'பால்'. நான்கு சேர்ந்தால், பேட்டர் அடித்துவிட்டு ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு இலவச நடை. 1941இல் .406 சராசரி (பத்து முயற்சிக்கு நான்குக்குச் சற்று மேல் வெற்றிகரமான அடி) எடுத்த வில்லியம்ஸ், தன் ஆட்டக் காலத்தில் அப்படி நடந்தது 2,021 முறை.