80-க்கும் 125-க்கும் நடுவே ஒரு மாத்திரை

“அம்மாவின் பி.பி. மாத்திரையை முதல்வர் மருந்தகத்தில் வாங்க ஆரம்பித்திருக்கிறேன். ‘ஜெனரிக்கில் 80 சதவீதம் மருந்து இருந்தாலே அரசு விட்டுவிடும்’ என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். நிஜமா சார்?” என்று தேனியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

அண்ணன் சொன்ன 80 நிஜமான எண்தான், இடம்தான் தவறு. மாத்திரைக்குள் எவ்வளவு மருந்து இருக்கவேண்டும் என்பது தனிக் கணக்கு. பாராசிட்டமாலுக்கு இந்திய மருந்துத் தரநூல் தரும் வரம்பு 95 முதல் 105 சதவீதம். 500 மி.கி. என்று அட்டையில் போட்டால் 475-க்குக் கீழே இறங்கக்கூடாது. பெரிய பிராண்டோ, அதே மருந்தை வேறு நிறுவனம் செய்து விற்கும் ஜெனரிக்கோ, இதில் யாருக்கும் சலுகை கிடையாது.

80 வருவது ரத்தத்தில் அளக்கும்போது. ஆரோக்கியமான சில பத்துப் பேரில் பாதிப் பேருக்கு அசல் மாத்திரை (மருந்தை முதலில் கொண்டுவந்த நிறுவனத்துடையது), மீதிப் பேருக்கு ஜெனரிக். மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, மருந்து எந்த உச்சத்தைத் தொட்டது, மொத்தமாக எவ்வளவு சேர்ந்தது என்று பார்ப்பார்கள். அது உடலை விட்டு நீங்கும்வரை காத்திருந்து, மாத்திரையை மாற்றிக் கொடுத்து மறுபடி அளப்பார்கள். ஆக, ஒவ்வொருவரும் தன்னோடுதான் ஒப்பிடப்படுகிறார். இதற்குப் பெயர் பயோஈக்விவலன்ஸ் சோதனை.

ஜெனரிக்கின் அளவை அசலின் அளவால் வகுத்தால் வரும் விகிதம் சதவீதக் கணக்கில் 80-க்கும் 125-க்கும் நடுவே இருக்கவேண்டும். கீழே 20 விட்டவர்கள் மேலே ஏன் 25 விட்டார்கள்? முதன்முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஜெனரிக் அசலில் 80 சதவீதம் என்றால், அசல் ஜெனரிக்கில் எத்தனை? 100-ஐ 80-ஆல் வகுங்கள்: 125 சதவீதம்! எதை எதால் வகுத்தாலும் தீர்ப்பு மாறக்கூடாது என்பதற்காக வந்த எண் அது. பள்ளியில் நம்மைப் படுத்திய மடக்கை (லாகரிதம்) அளவில் வைத்தால் இரண்டும் நடுவிலிருந்து சம தூரம்.

இன்னொரு பிடியும் உண்டு. சராசரி மட்டும் உள்ளே இருந்தால் போதாது. ஆளுக்கு ஆள் முடிவு மாறுவதால் சராசரிக்கு இருபுறமும் ஒரு பிழை வரம்பு விழும். 90 சதவீத நம்பக இடைவெளி என்பார்கள். அது முழுவதும் உள்ளே அடங்கவேண்டும். தேர் தெருவில் திரும்பும்போது கலசம் நடுவில் இருந்தால் ஆயிற்றா, இரண்டு பக்கச் சக்கரமும் அல்லவா தெருவுக்குள் இருக்கவேண்டும்? சராசரி 96, இடைவெளி 91 முதல் 101 என்றால் தேர்ச்சி. சராசரி 88, இடைவெளி 79 முதல் 98 என்றால் அவ்வளவுதான், போச்சு. அமெரிக்காவில் 1996 முதல் 2007 வரை நடந்த 2,070 சோதனைகளை அலசியபோது, மொத்த அளவில் ஜெனரிக்குக்கும் அசலுக்கும் இருந்த சராசரி வித்தியாசம் சுமார் 3.5 சதவீதம்தான்.

நம் நாட்டில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு இந்தச் சோதனை கட்டாயமானது 2017-இல்தான். என்னைக் கேட்டால் ரொம்பத் தாமதம். வாசகியின் அம்மா சாப்பிடுவது டெல்மிசார்ட்டன் என்றால் அது இந்த வகையில் வரும். சோதனை முடிவுகளை, மாத்திரையின் பெயரைத் தட்டினால் யாரும் பார்க்கும்படி வைத்தால் அண்ணன்களின் வாயை அடைக்கலாம்.

கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சிக்கலாகும் மருந்துகளுக்கு ஐரோப்பிய விதி இன்னும் இறுக்கம்: 90 முதல் 111 வரை. 111 எப்படி வந்தது என்று இனி நான் சொல்லவேண்டியதில்லை.