வலி போய்விட்டது, தோள் இன்னும் வரவில்லை

மூணாறில் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் சில விடியற்காலைகளில் தேயிலைக் காட்டுக்கு நடுவே இருக்கும் புல்வெளி வெளுத்துக் கிடக்கும். ஜீப் கூரையில் விரலால் பெயர் எழுதலாம். வெயில் ஏறினால் எல்லாம் போச்சு. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பனி என்றால் அவ்வளவுதான். இத்தனைக்கும் பக்கத்தில் நிற்கும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர். காஷ்மீரின் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர். உயரத்தில் நாம் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகை, அவர்கள் 34 பாகை. அதனால் அங்கே இடுப்பளவு பனி, இங்கே ஜீப் கூரையில் வெள்ளைப் பூச்சு.

அந்த இடுப்பளவு பனியைத் தேடித்தான் என் அக்கா மகன் வருடா வருடம் போவான். இங்கே மலையேற்ற வழிகாட்டி வேலை, குளிர்காலத்தில் குல்மார்க்கில் பனிச்சறுக்கு. போன பிப்ரவரியில் விழுந்து வலது தோள் இறங்கிவிட்டது. அங்கேயே ஏற்றிவிட்டார்கள். மே மாதம் பஸ்ஸில் மேலே வைத்திருந்த பையை எடுக்கக் கையைத் தூக்கினான், மறுபடியும் இறங்கியது. என் அம்மா புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போ என்றார். அடிமாலிப் பக்கத்துச் சிநேகிதர் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் உழிச்சில் போதும் என்றார். ஆகஸ்டில் கொச்சியில் அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பரில் துளி வலி இல்லை. "மாமா, ஜனவரிக்கு டிக்கெட் போட்டுடவா?" என்று கேட்டான். கூடாது என்றார் டாக்டர். வலியே இல்லாத தோளை ஏன் பூட்டி வைக்க வேண்டும் என்று அவனுக்குக் கோபம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் இவ்வளவும் படித்தேன்.

இடுப்பு மூட்டு நம் ஆட்டுக்கல் மாதிரி. குழி ஆழம், குழவி உள்ளே உட்கார்ந்திருக்கும், லேசில் வெளியே வராது. தோள் அப்படியில்லை. டீ கிளாஸுக்கு அடியில் வைக்கிற சாஸர் மேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உட்கார வைத்தால் எப்படியோ அப்படி. மேல்கை எலும்பின் உருண்டைத் தலையில் கால்பங்கோ கொஞ்சம் கூடவோதான் எந்த நேரத்திலும் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். முதுகு சொறியவும் மரத்தில் எட்டிப் பறிக்கவும் கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டுமே, அதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

அந்த ஆரஞ்சு உருண்டு விழாமல் இருப்பதற்கு இரண்டு ஏற்பாடு. முதலாவது, சாஸர் விளிம்பைச் சுற்றி நார்த்திசுவால் ஆன ஒரு வளையம். பிரஷர் குக்கர் கேஸ்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழியின் ஆழத்தில் பாதியளவு இந்த வளையம் தருவதுதான். கேஸ்கட்டைப் போலவே காற்றுப் புகாமல் அடைப்பதால் உருண்டையை உறிஞ்சியும் பிடித்துக்கொள்கிறது. இரண்டாவது, சுற்றி நிற்கும் நான்கு சிறு தசைகள். கையைத் தூக்குவது பெரும்பாலும் மேலே தெரிகிற பெரிய தசை. இந்த நான்கும் செய்வது வேறு வேலை: பந்தல் காலை நாலு பக்கமும் இழுத்துக் கட்டுவதுபோல, கை எங்கே போனாலும் உருண்டையைக் குழிக்குள் அமுக்கிக்கொண்டே இருப்பது.

இனி அவன் விழுந்த கதை. பனிச்சறுக்குக் கோலின் பிடியில் ஒரு வார் இருக்கும், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள. கோல் பனிக்குள் குத்திச் சிக்கிக்கொண்டது, உடம்பு நிற்கவில்லை. கை பின்னாலும் மேலேயும் இழுபட்டது. கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டிலிருந்து பந்தை எறியக் கையை ஓங்குவோமே, அந்த நிலை. தோளுக்கு அதைவிட ஆபத்தான நிலை கிடையாது. உருண்டை முன்பக்கமாகப் பிதுங்கும். தோள் விலகல்களில் மிகப்பெரும்பாலானவை முன்பக்கம் விலகுபவைதான். வேகத்தையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 10 மீட்டர். சுமார் 5 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது இருக்கிற வேகம் அது. சரிவில் விழுந்தால் சறுக்கிக்கொண்டே போவதில் அதில் பெரும்பகுதி கரைந்துபோகும். கோல் சிக்கிக்கொண்டால் ஒரு நல்ல பங்கு ஒரே மூட்டில் வந்து இறங்கும்.

உருண்டை முன்னால் பிதுங்கும்போது கேஸ்கட்டின் முன்பகுதி எலும்பிலிருந்து கிழிந்து வருகிறது. 1923-லேயே பேங்கார்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இந்தக் கிழிசலைத்தான் குற்றவாளி என்று எழுதினார். இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். கிழிந்த கேஸ்கட் தானாகப் பழைய இடத்தில் போய் ஒட்டுவது அரிது. அதனால்தான் பஸ்ஸில் பையை எடுத்ததற்கே இறங்கியது. வயது குறையக் குறைய மறுபடி விலகும் வாய்ப்பும் கூடும். உழிச்சில் தசையை இளக்கும், கட்டு கையை ஆடாமல் வைக்கும். ஆனால் மூட்டுக்குள்ளே கிழிந்துகிடக்கும் வளையத்தை எலும்போடு சேர்த்துத் தைக்க வெளியிலிருந்து வழியில்லை. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

கொச்சியில் செய்தது அந்தத் தையல்தான். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சில துளைகள், ஒன்றின் வழியே கேமரா. குழியின் விளிம்பில் சின்னச் சின்ன ஆணிகள், அவற்றில் கோத்த நூலால் வளையத்தை இழுத்துக் கட்டுகிறார்கள். அறையை விட்டு வெளியே வரும்போதே வளையம் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஒட்டவில்லை.

அடிமாலிப் பக்கம் ரப்பர் கன்றுக்கு ஒட்டு வைப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். மொட்டைப் பட்டையில் செருகிச் சுற்றிலும் நாடா கட்டுவார்கள். கட்டிய நிமிஷமே பார்வைக்கு ஒரே கன்றுதான். அன்றைக்கே அந்த மொட்டைப் பிடித்து இழுப்பாரா யாராவது? தோளிலும் நூல்தான் நாடா. முதல் சில வாரங்களில் சுமை முழுக்க நூலின் மேல். அப்புறம் உடம்பு கொலாஜன் நாரை அவசரமாகப் பின்னிப் போடுகிறது. அது திக்குத்திசை இல்லாத, பலமும் இல்லாத நார். பிறகு மாதக்கணக்கில் அதைப் பிரித்துப் பிரித்து, இழுவிசை வரும் திசையில் அடுக்கித் திரும்பக் கட்டுகிறது. இந்தத் திருத்த வேலை ஒரு வருடம்கூட நீளும்.

வலி என்பது பெரும்பாலும் முதல் கட்டத்து வீக்கத்தின் சமாசாரம். வீக்கம் வடிந்தால் வலியும் விடைபெறும். நார் அடுக்கும் வேலையோ அப்போது பாதிதான் முடிந்திருக்கும். நவம்பரில் அவன் இருந்தது அங்கேதான்.

அதற்காகக் கையை ஆட்டாமலே வைத்திருக்கவும் முடியாது. இழுவிசை இருந்தால்தான் நாருக்கு எந்தத் திசையில் வரிசையாவது என்று தெரியும்; அசைக்காத மூட்டு இறுகிப்போகும். அதனால் படிப்படி. நான்கு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டிருந்தான். ஆறு வாரம் வரை முன்கையை வெளிப்பக்கம் அதிகம் திருப்பக் கூடாது, தையல் இழுபடும். மூன்று மாதம் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுக்கும் பயிற்சி. இது கேஸ்கட் கிழிந்தவனின் கணக்கு. தசைநாரே கிழிந்து தைத்தவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, காலம் இன்னும் நீளும். அந்த நாருக்கு ரத்த ஓட்டம் குறைவு.

என்னை அசத்தியது இன்னொரு விஷயம். மூட்டைச் சுற்றியிருக்கும் உறையில் உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. கை இப்போது எங்கே, எவ்வளவு இழுபடுகிறது என்று கண்ணை மூடியிருந்தாலும் சொல்வது அவைதான். உறை கிழியும்போது இந்தத் தகவலும் மங்கிவிடுகிறது. நின்ற இடத்தில் இடுப்பு உயரம் விழவே அரை நொடிக்கும் குறைவு. யோசித்துக் கையை இழுத்துக்கொள்ள அதற்குள் நேரம் பத்தாது. அடி படுவதற்கு முன்பே அந்த நான்கு தசையும் இறுகி நிற்க வேண்டும். இந்தப் பழக்கம் எடை தூக்கினால் வராது. சுவரில் ஒரு பந்தை வைத்து உள்ளங்கையால் அழுத்தி, வட்டம் வட்டமாக உருட்டச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு. முதல் வாரம் பந்து நழுவி நழுவிப் படிக்கட்டில் ஓடியது. அக்கா திட்டித் தீர்த்தாள். போதாக்குறைக்கு, குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும், குளிர்ந்த நரம்பு மெதுவாகச் செய்தி கடத்தும். மூணாறில் சரியாக இருக்கும் தோள் குல்மார்க் காலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் வேலைக்கு வரும்.

நடுவில் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை: கோல்தானே வினை, கோல் இல்லாத ஸ்னோபோர்டுக்கு மாறிவிட்டால்? மாறினால் இன்னும் மோசம். இரண்டு காலும் ஒரே பலகையில் பூட்டியிருப்பதால் விழும்போது கையைத்தான் ஊன்றுவார்கள். சறுக்குக்கட்டையில் போகிறவர்களுக்கு முழங்கால் அதிகம் போகும். ஸ்னோபோர்டில் மணிக்கட்டும் தோளும்.

போன வாரம் கொச்சியில் சோதனை நடந்தது. வலது கையின் பலம் இடது கையில் 90 சதவீதமாவது இருக்கிறதா என்று அளந்தார்கள். தரையில் 3 அடி இடைவெளியில் இரண்டு டேப் ஒட்டி, தண்டால் நிலையில் ஒரு கையால் மாறி மாறி அடுத்த கையைத் தொட வேண்டும். 15 நொடியில் எத்தனை என்று எண்ணினார்கள். 23 தொட்டான். கடைசியாக டாக்டர் அவனைப் படுக்க வைத்து, கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, அந்தப் பந்தெறியும் நிலைக்கு மெதுவாகத் திருப்பினார். அவர் தோளைப் பார்க்கவே இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் விலகப்போகிறது என்ற பயம் முதலில் கண்ணில்தான் தெரியுமாம். ஜனவரி தொடக்கத்தில் இதே சோதனையில் புருவம் சுருங்கியது. இந்தத் தடவை அவன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடந்தான்.

போகலாம் என்றார், நிபந்தனைகளோடு. கோலின் வாரை மணிக்கட்டில் மாட்டக் கூடாது. சரிவில் மேலே இழுத்துப்போகும் கயிற்றை வலது கையால் பிடிக்கக் கூடாது. விழுந்தால் கோலை ஊன்றி எழாமல், கட்டையைக் கழற்றிவிட்டு எழ வேண்டும். முதல் நாட்களில் சுலபமான சரிவு மட்டும், மத்தியானத்தோடு நிறுத்தம். களைத்த தசைக்கு இறுக நேரம் பிடிக்கும். முக்கியமாக, விழும்போது கையை நீட்டாமல் முஷ்டியை நெஞ்சோடு சேர்த்து இடுப்பு பக்கமாகச் சாய வேண்டும்.

கடைசியில் சொன்னதுதான் கஷ்டம். விழுகிற மனிதன் கையை நீட்டுவது பிறவிக் குணம். தினமும் சாயங்காலம் முற்றத்தில் மெத்தையைப் போட்டு, இடமும் வலமுமாக 40 தடவை விழுகிறான். டிக்கெட் பிப்ரவரி கடைசி வாரத்துக்கு. இலவம்பஞ்செல்லாம் ஒரு மூலைக்குப் போய்விட்டது, மெத்தையை எப்போது தருவாய் என்று அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள்.