பட்டப்பகலில் குளிரும் கூரை

மார்கழி மாதக் காலைகளைக் கவனித்த வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: இரவில் வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியின் இருக்கை காலையில் காய்ந்திருக்கிறது, பத்தடி தள்ளி வெட்டவெளியில் நிறுத்திய வண்டியின் இருக்கையோ துடைக்காமல் உட்கார முடியாத அளவுக்கு நனைந்திருக்கிறது. மேலிருந்து விழும் பனியை மரம் தடுத்துவிடுவதுதானே இதற்குக் காரணம்?

பனி பெய்கிறது, பனி இறங்குகிறது என்றே காலங்காலமாகச் சொல்லிவருகிறோம் என்பதால் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் பனித்துளி மேலிருந்து வருவதில்லை. சுற்றியுள்ள காற்றைவிட இருக்கை குளிர்ந்துவிடுவதால், அந்தக் காற்றில் உள்ள நீராவியே அதன்மேல் நீராகப் படிகிறது. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ், சம எடையுள்ள கம்பளிப் பொதிகளை இரவுகளில் வெளியே வைத்து, காலையில் அவற்றை எடைபோட்டுப் பார்த்து, 1814இல் இதைத் தெளிவாக எழுதிவைத்தார். வானத்தை நேராகப் பார்த்த கம்பளி மிகுதியாக நனைந்தது. பலகையின் அடியில் இருந்தது குறைவாகவே நனைந்தது. ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது: வெட்டவெளியில் இருக்கும் பொருள் காற்றைவிட எப்படிக் குளிர்கிறது? அடுத்த சில பத்தாண்டுகளில் நம் வீடுகளின் கூரையும் தொழிற்கூடங்களின் கூரையும் எப்படி மாறக்கூடும் என்பதற்கான விடையும் இதற்குள்ளேயே இருக்கிறது.

எல்லாப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர்வீச்சை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது என்பது பள்ளியில் படித்ததுதான். 27 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு பரப்பு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 வாட் வரை அகச்சிவப்புக் கதிர்களாக இழக்கிறது. வேப்பமரத்தடி வண்டியும் இழக்கிறது. ஆனால் மேலேயுள்ள இலைகளும் ஏறக்குறைய அதே வெப்பநிலையில் இருந்துகொண்டு அதே அளவைத் திருப்பித் தருவதால் கணக்கு நேராகிவிடுகிறது. தெளிந்த வானம் அவ்வாறு முழுவதையும் திருப்பித் தருவதில்லை. வறண்ட இரவுகளில் சதுர மீட்டருக்கு 100 வாட் அளவுக்குப் பற்று விழுந்துவிடுகிறது. உதகையில் காற்றின் வெப்பநிலை சுழியத்துக்குச் சற்று மேலே இருக்கும்போதே புல்வெளியில் உறைபனி படிந்துவிடுவதும் இந்தப் பற்றினால்தான்.

வானம் ஏன் முழுவதையும் திருப்பித் தருவதில்லை என்பதில்தான் இந்தப் பொருளின் அழகெல்லாம் அடங்கியிருக்கிறது. காற்றின் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் அகச்சிவப்புக் கதிர்களைப் பெரும்பாலும் கண்டுகொள்வதே இல்லை. அவற்றை உறிஞ்சித் தரைக்கே திருப்பி அனுப்புபவை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும்தான். ஆனால் அவையும் எல்லா அலைநீளங்களையும் உறிஞ்சுவதில்லை. 15 மைக்ரோமீட்டரை ஒட்டிய கதிர்களைக் கார்பன் டை ஆக்சைடு வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. அதைவிட நீண்ட அலைகளையும் 5 முதல் 8 மைக்ரோமீட்டர் வரையிலான அலைகளையும் நீராவி பிடித்துக்கொள்கிறது. இடையில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரை, ஓசோன் எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு கீற்று நீங்கலாக, எதுவும் வலுவாகத் தடுக்காத ஓர் இடைவெளி திறந்து கிடக்கிறது. வளிமண்டலச் சன்னல் என்று இதற்குப் பெயர். நாம் வாழும் வெப்பநிலையில் உள்ள பொருள்கள் மிக வலுவாகக் கதிர்வீசும் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர். அதாவது இந்தச் சன்னலின் நட்டநடுவே! மண்ணும் மரமும் நம் தோலும் எந்த அலைநீளத்தில் மிகுதியாக வெப்பத்தை இழக்கின்றனவோ, அதே இடத்தில்தான் காற்றும் திறந்திருக்கிறது. அந்தச் சன்னலுக்கு அப்பால் இருப்பது மைனஸ் 270 டிகிரிக் குளிரில் கிடக்கும் விண்வெளி. வண்டியின் இருக்கை இரவெல்லாம் அந்தக் குளிரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன்பே நம் நாட்டினர் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அலகாபாத்தில் பனிக்கட்டி தயாரித்த முறையை 1775இல் ராபர்ட் பார்க்கர் பதிவு செய்திருக்கிறார்: ஆழமில்லாத பெரிய குழிகளில் காய்ந்த தட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மெருகிடாத மண் தட்டுகளில் நீர் ஊற்றி வைத்தால், நீர்நிலைகள் உறையாத அந்த ஊரில் விடியும்முன் தட்டுகளில் பனிக்கட்டி கண்டிருக்கும்.

இரவில் இது நடக்கட்டும், பகலில் எப்படி? உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட்டைக் கொட்டுகிறது; சன்னல் வழியே வெளியேறுவதோ 100 வாட் அளவுதான். வெயிலில் பத்தில் ஒரு பங்கை உறிஞ்சிவிட்டால்கூடக் கூரை ஈட்டிய குளிர்ச்சி முழுவதும் பறிபோய்விடும். ஆகவே தேவைப்படும் பரப்பு ஒரே நேரத்தில் இரண்டு இயல்புகளைக் கொண்டிருக்க வேண்டும்: கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது தூய வெண்மையாகவோ கண்ணாடியாகவோ இருக்க வேண்டும்; 10 மைக்ரோமீட்டர் கதிருக்கு அது கரியைப் போல் இருக்க வேண்டும். 2014இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமன், ஷான்ஹூய் ஃபான் ஆகியோரின் குழு இதைச் செய்துகாட்டியது. வெள்ளித் தகட்டின்மேல் ஹாஃப்னியம் ஆக்சைடும் சிலிக்காவுமாக மாறி மாறி அடுக்கிய ஏழு மெல்லிய படலங்கள் வெயிலில் 97 விழுக்காட்டைத் திருப்பியடித்தன. நேரடி வெயிலில் வைத்த அந்தத் தகடு, காற்றைவிட ஏறத்தாழ 5 டிகிரி குளிர்ந்திருந்தது. எந்தக் கம்பியும் எந்தப் பம்பும் அதில் இல்லை.

வெற்றிடக் கலனில் படியவைக்கும் படலத்தைக் கொண்டு ஓர் ஊரின் கூரைகளை மூட முடியாது. அதனால் ஆய்வாளர்கள் பெயிண்ட்டுக்குத் திரும்பினார்கள். கடையில் கிடைக்கும் வெள்ளை பெயிண்ட்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. அது புற ஊதாக் கதிரை உறிஞ்சிவிடுகிறது. அந்தச் சில விழுக்காட்டு இழப்பு என்பது சில பத்து வாட்; மேலே சொன்ன கணக்கில் அது பெருந்தொகை. பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஷியூலின் ரூவான் குழுவினர் 2021இல் அதற்குப் பதிலாக பேரியம் சல்ஃபேட்டைச் சேர்த்தார்கள். அது புற ஊதாவை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. ஒவ்வோர் அளவுள்ள துகளும் தனக்கேற்ற அலைநீளத்தையே மிகுதியாகச் சிதறடிக்கும் என்பதால், பல அளவுத் துகள்களைக் கலந்து வெயிலின் எல்லா நிறங்களையும் திருப்பியடிக்கச் செய்தார்கள், 98.1 விழுக்காடு திரும்பியது. இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி: சல்ஃபேட்டில் கந்தகத்துக்கும் ஆக்சிஜனுக்கும் இடையேயுள்ள பிணைப்பு இயல்பாக அதிரும்போது வெளிவிடும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர். யாரும் திட்டமிட்டு அமைக்காமலேயே, அந்த உப்பின் அதிர்வு வளிமண்டலச் சன்னலுக்குள் பொருந்தி விழுகிறது. வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் நோயாளி குடிக்கும் வெள்ளைக் குழம்பில் இருப்பதும் இதே உப்புதான். இதன் கனிமமான பேரைட் உலகிலேயே மிகுதியாகக் கிடைக்கும் இடங்களுள் ஒன்று, சென்னையிலிருந்து தொலைவில்லாத ஆந்திரத்தின் மங்கம்பேட்டை.

இதனால் மாறப்போவது முதலில் யாருடைய வாழ்க்கை என்பதைச் சொல்லியாக வேண்டும். 2030இல் வெப்பத்தால் உலகம் இழக்கப்போகும் வேலை நேரம் 2.2 விழுக்காடு என்றும், இந்தியாவில் அது 5.8 விழுக்காடு என்றும் 2019இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டது. ஏசி பொருத்த முடிந்தவர்களின் வேலை நேரம் அதில் சிறு பகுதியாகவே இருக்கும். தகரக் கூரைக்குக் கீழே தையல் எந்திரத்தின் முன்னும், பட்டறையிலும், கிடங்கிலும் நிற்பவர்களுக்குக் கூரை சில டிகிரி குளிர்ந்தாலும், பிற்பகலில் வேலை ஓடுமா நிற்குமா என்பதே மாறிவிடும். ஏசி இருக்கும் கட்டடங்களிலும் பயனுண்டு. கூரைத் தகடுகளின் ஊடாக நீரை ஓடவிட்டுக் குளிர்வித்து, அந்த நீரைக் கொண்டு ஏசி வெளியேற்றும் வெப்பத்தை வாங்கிக்கொண்டால், லாஸ் வேகாஸில் உள்ள ஓர் இரண்டு மாடி அலுவலகத்தின் கோடைக் குளிரூட்டலுக்கான மின்சாரத்தில் 21 விழுக்காடு மிச்சமாகும் என்று ஸ்டான்ஃபோர்டு குழு 2017இல் கணக்கிட்டது.

லாஸ் வேகாஸ் பாலைவன நகரம் என்பதை மறந்துவிடக் கூடாது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்றில் நீராவி நிறைந்திருப்பதால் சன்னல் பாதி மூடியே கிடக்கும். மேகம் வந்தால் முழுவதும் மூடிக்கொள்ளும். அங்கே வெயிலைத் திருப்பியடிக்கும் பயன் மட்டும் பெருமளவு எஞ்சும். வேலூரிலும் சேலத்திலும் வறண்ட மாதங்களில் சன்னலின் பயனும் கூடவே கிடைக்கும். தூசியும் புகைக்கரியும் படிந்தால் திருப்பியடிக்கும் திறன் குறையும். அதில் சில விழுக்காடு போனாலே என்ன ஆகும் என்பதை மேலேயுள்ள கணக்கு காட்டியிருக்கிறது. எந்த ஊரில், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூரையைக் கழுவ வேண்டும் என்பதை ஆய்வகத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. தகரக் கூரைகளின்மேல் மூன்று நான்கு கோடைகளுக்கு அளந்துகொண்டே இருக்க வேண்டும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காட்டையே ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் நாட்டில் இத்தகைய பொறுமையான அளவீட்டுக்குப் பணம் எளிதில் கிடைப்பதில்லை. புதுப் பொருளைக் கண்டுபிடிப்பதற்குக் கிடைக்கும் மதிப்பு, அது ஊர்த் தூசியில் எவ்வளவு காலம் உழைக்கிறது என்று பார்ப்பதற்கும் கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பனி தலையில் இறங்கும், துண்டைப் போட்டுக்கொள் என்று பெரியவர்கள் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. எதுவும் இறங்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் தலை வானத்துக்கு வெப்பத்தை இழந்துகொண்டிருப்பதும் உண்மை, துண்டு அதைக் குறைப்பதும் உண்மை. காரணம் தவறு, செயல் சரி.

கேள்வி கேட்ட வாசகர் இன்றிரவே ஒன்றைச் செய்து பார்க்கலாம். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, இருக்கையின் பின்பாதிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் குடை ஒன்றை விரித்துக் கட்டிவிடட்டும். பக்கவாட்டுக் காற்று தாராளமாகப் புகும். அந்த நீராவியைக் குடை தடுக்காது, வானத்தை மட்டுமே மறைக்கும். காற்றில்லாத தெளிந்த இரவாக இருந்தால், விடியற்காலையில் இருக்கையின் முன்பாதி நனைந்தும் பின்பாதி ஏறக்குறைய காய்ந்தும் இருக்கும். வெப்பத்தை அவ்வளவாகக் கதிர்வீசாத பளபளப்பான குரோமியப் பாகங்களையும் அப்போது தொட்டுப் பார்க்கட்டும். குடைக்கு வெளியே இருந்தாலும் அவை இருக்கையைவிடக் குறைவாகவே நனைந்திருக்கும்.