தூங்கும் ஃபாலோயர்களைக் கழித்துக்கட்டினால் ரீச் கூடுமா?

2018 ஜூலையில் ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) ஒரு பெரிய களையெடுப்பு நடந்தது. சந்தேகத்தின் பேரில் முடக்கி வைத்த கணக்குகளை இனி யாருடைய ஃபாலோயர் எண்ணிக்கையிலும் சேர்க்க மாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. பெரும்பாலானவர்களுக்கு நான்கு பேர் குறைந்தாலே அதிகம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பிரபலங்கள் கதை வேறு. ஒபாமாவும் கேட்டி பெர்ரியும் ஆளுக்கு இருபது லட்சத்துக்கு மேல் இழந்தார்கள். பலத்த அடி ட்விட்டரின் சொந்தக் கணக்குக்குத்தான். எழுபது லட்சத்துக்கும் அதிகம் போனது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே அமிதாப் பச்சன், தன் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டார்கள் என்று ட்விட்டரிலேயே கோபித்துக்கொண்டு கிளம்பப் போவதாக அறிவித்திருந்தார். (கிளம்பவில்லை.) இன்ஸ்டாகிராம் இதே வேலையை 2014 டிசம்பரில் செய்தபோது ஜஸ்டின் பீபருக்கு மட்டும் சுமார் 35 லட்சம் பேர் மறைந்தார்கள்.

இவையெல்லாம் நிறுவனங்கள் தாமாகச் செய்தவை. இப்போது சில ஆயிரம் ஃபாலோயர் வைத்திருப்பவர்களும் தங்கள் பட்டியலைத் தாங்களே சுத்தம் செய்யக் கிளம்பியிருக்கிறார்கள். லைக் போடாத, எட்டிப் பார்க்காத 'கோஸ்ட் ஃபாலோயர்கள்' இருந்தால் ரீச் (பதிவு எத்தனை பேரைச் சென்றடைகிறது என்பது) படுத்துவிடும், அவர்களைத் தூக்கிவிட்டால் எழுந்துகொள்ளும் என்பது நம்பிக்கை. இது பாதி சரி. அந்தப் பாதி எது என்று தெரிய, ஒரு ஃபாலோ எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ட்விட்டர் 2010-ல் ஃப்ளாக்டிபி என்ற தன் தரவுத்தளத்தின் நிரலைப் பொதுவில் வெளியிட்டது. அப்போதே அதில் 1,300 கோடி ஃபாலோ உறவுகள் இருந்தன. ஒவ்வோர் உறவும் இரண்டு முறை எழுதப்படும்: 'இவர் யாரைத் தொடர்கிறார்' என்ற பட்டியலில் ஒன்று, 'அவரை யார் தொடர்கிறார்' என்ற பட்டியலில் இன்னொன்று. இரண்டு பக்கத்திலிருந்தும் உடனே படிக்க வேண்டும் என்பதற்காக இந்த இரட்டைக் கணக்கு. இதில் எனக்குப் பிடித்த அம்சம், ஓர் உறவை அழிக்காமல் பரணில் போட்டு வைக்கும் வசதி. வேண்டும்போது அதை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். ஒருவர் கணக்கை மூடிவிட்டுச் சில நாளில் திரும்பினால் பழைய உறவுகள் அத்தனையும் உயிர்பெற, இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். உங்கள் எண்ணிக்கை காரணமே இல்லாமல் மூன்று குறைந்து இரண்டு கூடுவதற்குப் பின்னால் இப்படிப் போய் வந்தவர்களும் இருக்கலாம்.

அடுத்தது பதிவு போய்ச் சேரும் வழி. 2012 வாக்கில் ட்விட்டர் பொறியாளர்கள் விளக்கிய முறை இது: நீங்கள் ஒரு ட்வீட் போட்டதும் அதன் எண் உங்கள் ஃபாலோயர் ஒவ்வொருவருடைய டைம்லைன் பட்டியலிலும் செருகப்படும். படிக்க வரும்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாதென்று, எழுதும்போதே பரிமாறி வைத்துவிடுவது. ஒரு பட்டியலில் 800 இடங்கள். பட்டியல்கள் முழுதும் கணினியின் வேக நினைவகத்தில் இருக்கும், அது விலை கூடிய இடம். அதனால் கடந்த 30 நாளில் உள்ளே வந்தவர்களுக்கு மட்டுமே பட்டியல் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு எதுவும் செருகப்படாது. அவர்கள் என்றாவது திரும்பி வந்தால் அந்த நேரத்தில் புதிதாகக் கட்டிக் கொடுப்பார்கள். நீங்கள் இன்று உட்கார்ந்து செய்ய நினைக்கும் கழிவை இயந்திரம் அன்றைக்கே, உங்களைக் கேட்காமல், தன் செலவை மிச்சம்பிடிக்கச் செய்துகொண்டிருந்தது.

இப்போது வரிசைப்படுத்தும் நிரல்களின் காலம். 2023 மார்ச் 31 அன்று ட்விட்டர் தன் பரிந்துரை நிரலின் பெரும்பகுதியை வெளியிட்டது. ஒருவர் செயலியைத் திறந்ததும் சுமார் 1,500 பதிவுகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் இவர் என்ன செய்வார் என்று கணித்து அடுக்கினார்கள். இதில் ரியல் கிராஃப் என்றொரு பகுதி இருந்தது. எழுதியவர், பார்ப்பவர் என்ற இரண்டு பேருக்கும் இடையே அடுத்து ஏதாவது நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அது இணை இணையாகக் கணக்கிட்டது. இன்ஸ்டாகிராமும் 2021-ல் தன் முறையைச் சொன்னது: சில நொடி நின்று பார்ப்பாரா, கமெண்ட் போடுவாரா, லைக் போடுவாரா, சேமிப்பாரா, புரொஃபைல் படத்தைத் தட்டுவாரா என்ற ஐந்தையும் முக்கியமாகப் பார்த்ததாம்.

இந்தக் கணக்குகள் எல்லாம் பார்ப்பவர் பக்கத்திலிருந்து, அவர் திறக்கும் நேரத்தில் தொடங்குகின்றன. ஆறு மாதமாக செயலியையே திறக்காதவருக்காகக் கணக்கே ஓடுவதில்லை. உங்கள் பதிவு அவர் முன்னால் வைக்கப்படவுமில்லை, அவர் அதைத் தள்ளிவிட்டுப் போகவுமில்லை. உங்களுக்கு எதிராக எதையும் பதிவுசெய்ய அங்கே ஆளே இல்லை.

அப்படியானால் கழித்தால் ஏறுவது எது? விகிதம். 10,000 ஃபாலோயர், பதிவுக்கு 300 லைக் என்றால் 3 சதவீதம். 4,000 பேரைத் தூக்கினால் அதே 300 லைக் 5 சதவீதமாகத் தெரியும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தவர்கள் பட்டியலில் பாதிப் பெயரை அடித்துவிட்டால் பந்தியில் கூட்டம் கூடிவிடாது. விளம்பரம் கொடுக்க வரும் நிறுவனம் இந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் பேரம் பேசும் என்பதால், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும் இதில் காசு உண்டு.

நிஜமாகவே ரீச்சைக் கெடுப்பவர்கள் வேறு இரண்டு வகை. முதல் வகை, விழித்திருந்தும் ஆர்வமில்லாதவர்கள். 'ஃபாலோ பண்ணினால் போன் பரிசு' என்று சேர்த்தவர்கள், 'நீ என்னைத் தொடர், நான் உன்னை' என்ற ஒப்பந்தத்தில் வந்தவர்கள். இவர்கள் தினமும் செயலியைத் திறக்கிறார்கள், உங்கள் பதிவு அவர்கள் முன் வருகிறது, நிற்காமல் தள்ளிவிட்டுப் போகிறார்கள். அந்தத் தள்ளல் ஒவ்வொன்றும் நிரலுக்கு ஒரு பாடம்.

இரண்டாம் வகை போலிகள். போலிக் கணக்கு லைக் போடாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, போட்டால்தான் தொல்லை. ஒரே மாதிரி ரசனையுள்ளவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒருவருக்குப் பிடித்ததை அந்தக் குழுவில் மற்றவருக்கும் காட்டுவதுதான் பரிந்துரையின் அடிப்படை. 2023-ல் வெளியான ட்விட்டரின் நிரலில் இப்படி 1,45,000 குழுக்கள் இருந்தன. மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருத்தப்பட்டவை. சமையல் பதிவு போடுபவருக்குப் பந்தய மோசடி விளம்பரத்தையும் கிரிப்டோவையும் பின்தொடரும் போலிகள் லைக் போட்டால், இவர் எந்தக் குழுவுக்கு உரியவர் என்பதே மங்கிவிடும்.

இந்தப் போலிகளைக் கண்டுபிடிக்கும் விதம்தான் இந்தத் துறையிலேயே சுவையானது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் கோல்பெக் 2015-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு பழைய கணித விதியை இதற்குப் பயன்படுத்தியது. இயல்பாக வளரும் எண்களின் கூட்டத்தில் சுமார் 30 சதவீதம் 1-ல் தொடங்கும். 9-ல் தொடங்குபவை 5 சதவீதம்கூட இருக்காது. பென்ஃபோர்டு விதி என்று பெயர். வரி ஏய்ப்பைத் துப்புத் துலக்கவும் இதைப் பயன்படுத்துவார்கள். ஒருவரோடு தொடர்பில் இருப்பவர்களின் ஃபாலோயர் எண்ணிக்கைகளை எடுத்து முதல் இலக்கங்களை எண்ணினால், பெரும்பாலானவர்களிடம் இந்த வடிவம் வருகிறது. மென்பொருள் வைத்துக் கட்டிய கணக்குகளில் பிசிறடிக்கிறது. விதியை மீறிய ட்விட்டர் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது அநேகமாக எல்லாமே தானியங்கிகள்.

இன்னொரு வழி, நம்பிக்கையைக் கசியவிட்டுப் பார்ப்பது. சிபில்ராங்க் என்ற இந்த முறை 2012-ல் வெளிவந்தது. நிச்சயம் மனிதர்கள் என்று தெரிந்த சில கணக்குகளுக்கு முழு மதிப்பெண் கொடுத்து, அதை அவர்களின் நட்புகள் வழியாகச் சில சுற்று மட்டும் பகிர விட வேண்டும். போலிகள் தங்களுக்குள் எத்தனை ஆயிரம் நட்புகள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் உண்மை மனிதர்களோடு அவர்களுக்குப் பாலங்கள் குறைவு. அதனால் சுற்று முடியும்போது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும் மதிப்பெண் சொற்பம். ஸ்பெயினின் டுவென்டி என்ற சமூக வலைதளத்தில் இதை ஓட்டி, கடைசி இடங்களில் வந்த இரண்டு லட்சம் கணக்குகளைச் சோதித்ததில் சுமார் 90 சதவீதம் போலி. ஃபேஸ்புக்கோ நேரத்தைக் கவனித்தது. தொடர்பில்லாத நூறு பேர் ஒரே பக்கங்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் லைக் செய்தால், அவர்கள் நூறு பேர் அல்ல, ஒரு ஆள்.

இந்த வசதியெல்லாம் உள்ளே இருப்பவர்களுக்கு. சுத்தம் செய்து தருகிறோம் என்று வரும் வெளிச் செயலிகளுக்குத் தெரிவது பொதுவில் இருப்பது மட்டுமே: கடைசியாக எப்போது பதிவு போட்டார், புரொஃபைல் படம் இருக்கிறதா, எத்தனை பேரைத் தொடர்கிறார். கடைசியாக எப்போது உள்ளே வந்து படித்தார் என்பது தெரியாது. ஆக, ஒன்றுமே எழுதாமல் தினமும் உங்களைப் படிக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் கைவிடப்பட்ட கணக்கும் அவற்றுக்கு ஒன்றுதான். பெரும்பாலான இணையக் கூட்டங்களில் பேசாமல் படிப்பவர்களே அதிகம். செயலி 'இனாக்டிவ்' என்று நீட்டும் பட்டியலில் உங்கள் வாசகர்கள் இருப்பார்கள்.

செத்தவர்களும் இருப்பார்கள். 2019 நவம்பரில், ஆறு மாதத்துக்கு மேல் உள்ளே வராத கணக்குகளை அழிக்கப் போவதாக ட்விட்டர் அறிவித்தது. இறந்துபோன மகனின், மனைவியின் பதிவுகள் அழிந்துவிடுமே என்று குடும்பங்கள் கொதித்ததும் மறுநாளே பின்வாங்கியது. ஃபேஸ்புக் 2015-ல் வேறு வழியில் போயிருந்தது: நினைவுக் கணக்குகளாக மாறியவற்றைப் பக்கங்களின் லைக் எண்ணிக்கையில் மட்டும் கழித்தது, கணக்கைத் தொடவில்லை. எனக்கு இரண்டாவதுதான் நாகரிகமாகப் படுகிறது.

நீக்கியே ஆக வேண்டும் என்றால் வழி எளிது. இன்ஸ்டாகிராமில் ஃபாலோயர் பட்டியலிலேயே நீக்கும் பொத்தான் உண்டு. ட்விட்டர் 2021 அக்டோபரில்தான் அதைக் கொடுத்தது. அதற்கு முன் ஆளை பிளாக் செய்து உடனே அன்பிளாக் செய்வார்கள். பிளாக் இரண்டு பக்க உறவையும் அறுக்கும், அன்பிளாக் அதை ஒட்டவைக்காது என்பதுதான் அந்தத் தந்திரம். பரிசுப்போட்டி நடத்திய வாரத்தில் வந்து சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கி, கையால், நாளுக்குக் கொஞ்சமாகச் செய்வது நல்லது. பாஸ்வேர்டு கேட்கும் செயலிக்குப் பாஸ்வேர்டு கொடுத்தால் உங்கள் கணக்கே நாளை யாரையோ பின்தொடரும் போலியாகிவிடலாம். அது நேர்மையாகவே வேலை செய்தாலும், சில நிமிடத்தில் நூற்றுக்கணக்கான பேரை நீக்கும் வேகம் மனித வேகம் இல்லை. போலிகளைப் பிடிக்க வைத்த பொறியில் சுத்தம் செய்யப் போனவரே மாட்டி, கணக்கு முடங்கி, அவர் தொடர்ந்த ஒவ்வொருவரின் எண்ணிக்கையிலும் ஒன்று குறையும்.