பிள்ளை பிறந்த பிறகு சலம் (சிறுநீர்) கசிகிறதா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்

போன மாதம் ஓர் ஆசிரியை இடுப்பு நோவுக்காக என்னிடம் வந்தார். கதைத்து முடித்து, கட்டிலில் ஏறிப் படுங்கோ என்றேன். எழும்பியவர் கட்டிலுக்குப் போகவில்லை. முதலில் திரும்பித் தான் இருந்த கதிரையைப் பார்த்தார். இருக்கையைக் கையால் ஒரு தரம் தடவினார். பிறகு சேலையின் பின்பக்கத்தை முன்னுக்கு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நடந்தார்.

அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். இயன் மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) நான் வேலை தொடங்கிய காலத்திலிருந்து கண்டுவருகிறேன். "இருமினால், தும்மினால் சலம் போகுதோ?" என்று கேட்டேன். பதில் வர முதலே கண் கலங்கிவிட்டது.

"மூத்தவன் பிறந்ததில இருந்து, மிஸ்."

"அவனுக்கு இப்ப எத்தினை வயசு?"

"ஆறு."

"ஒருத்தரிட்டையும் சொல்லேல்லையோ?"

"மாமியிட்டைச் சொன்னனான். பிள்ளை பெத்தா அப்பிடித்தான், தனக்கும் இருக்கு எண்டு சொன்னவ."

ஆறு வருடம். இவர் படிப்பிப்பது தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றில். விடிய இருட்டோடு பஸ், பிறகு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு. அதனால் முதல்நாள் இரவு ஏழு மணிக்குப் பிறகு ஒரு மிடறு தண்ணீர் இல்லை. விடியத் தேத்தண்ணி இல்லை. மதியம் சாப்பாட்டோடு அரைக் கோப்பை. கடும் நிறச் சேலை, உள்ளே இரண்டு பாவாடை, கைப்பையில் எப்போதும் பாட். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இந்தத் தண்ணீர்க் கணக்கை நான் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை. என்னிடம் வருகிற பத்துப் பேரைக் கேட்டால் பாதிப்பேர் இதே கணக்கைத்தான் சொல்வார்கள்.

இதைத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன். தண்ணீரைக் குறைத்தால் கசிவு குறையும் என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் ஆழமாகப் பதிந்து கிடக்கிறது. பிள்ளை பெற்றவள் கனக்கத் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று அம்மம்மா காலத்திலிருந்தே சொல்லிவருகிறோம். பத்தியம் என்ற பெயரில் சரக்குக் கறியும் மல்லிக் கோப்பியும் மட்டும் கொடுத்து, தண்ணீரை அளந்து கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சரக்குக் கறியில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நானும் சாப்பிட்டவள்தான். தண்ணீரை அளப்பதுதான் பிழை.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். தண்ணீர் குறைந்தால் சலம் நின்றுவிடாது, கடுமையாகும். தேத்தண்ணி நிறத்தில் வருகிற அந்தக் கடும் சலம் சலப்பையின் உட்சுவரை உறுத்தும். உறுத்தினால் பை நிறைய முதலே அவசரம் வரும். முன்பு இருமினால் மட்டும் போனது, இப்போது குழாய்ச் சத்தம் கேட்டாலே போகத் தொடங்கும். அடுத்தது, சலப்பை பழக்கத்துக்கு அடிமை. சாதாரணமாக 400, 500 மில்லிலீற்றர் வரை தாங்குகிற பை, நாள் முழுக்க 100, 150 மட்டுமே கண்டு பழகினால் அதற்கு மேல் ஒரு துளியையும் பொறுக்காது. மூன்றாவது மலச்சிக்கல். தண்ணீரும் இல்லை, பழமும் கீரையும் குளிர்மை என்று விலக்கியாயிற்று. முக்கி முக்கிப் போகிற ஒவ்வொரு தடவையும், பிள்ளைப்பேற்றில் ஏற்கெனவே இழுபட்டுப் போன அதே தசைகள்தான் திரும்பவும் கீழே தள்ளப்படுகின்றன. நான்காவது சலக்கிருமி. அந்த ஆசிரியைக்கு ஒரே வருடத்தில் இரண்டு தரம் வந்திருக்கிறது. பால் கொடுக்கிற தாய், யாழ்ப்பாணத்து வெயில், இவற்றை நான் சேர்க்கக்கூட இல்லை.

ஆகவே தாகத்துக்குக் குடியுங்கள். சலம் வெளிறிய மஞ்சளாக இருக்கிற அளவுக்குக் குடியுங்கள். படுக்க ஒரு மணித்தியாலம் இரண்டு மணித்தியாலம் இருக்கும்போது குறைக்கலாம், அவ்வளவுதான். குறைக்க வேண்டுமென்றால் கோப்பியையும் கடும் தேத்தண்ணியையும் குறையுங்கள். மல்லிக் கோப்பியில் கோப்பித்தூள் சேராவிட்டால் பயமில்லை.

இரண்டாவது கோபம், "அப்பிடித்தான்" என்ற சொல்லில். பிள்ளை பெற்ற பெண்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு முதல் 3 மாதங்களில் கசிவு இருக்கிறது. கனபேருக்கு வருவது உண்மை. கனபேருக்கு வருவதால் அதைப் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஆகாது. காய்ச்சலும் கனபேருக்கு வருகிறது, மருந்து எடுக்கிறோம்தானே. முதல் கிழமைகளில் கசிவது பலருக்குத் தானாகக் குறையும். 3 மாதம் கழிந்தும் நிற்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். சிசேரியன் செய்தவர்களும் வருகிறார்கள், "எனக்கு வெட்டித்தானே எடுத்தது" என்று வியப்போடு. பத்து மாதம் சுமந்ததே அந்தத் தசைகள்தான். சிசேரியன் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். சிறுநீர்ப்பை, மலவாசல், கர்ப்பப்பை எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகளுக்கு முறையான பயிற்சி கொடுப்பதுதான் முதல் சிகிச்சை. 1948இல் ஆர்னல்ட் கெகல் என்ற அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் எழுதிவைத்தது. இன்று வரை மாத்திரைக்கும் சத்திர சிகிச்சைக்கும் முன்னால் இதுதான் நிற்கிறது. பிரச்சினை என்னவென்றால், எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், கனபேர் பிழையாகச் செய்கிறார்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வில், வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துச் செய்யச் சொன்னபோது நால்வரில் ஒருவர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே தள்ளினார்கள். தள்ளினால் கசிவு கூடும். தொலைபேசியில் வீடியோ பார்த்துச் செய்கிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

முழங்காலை மடித்து மல்லாந்து படுங்கள். ஆட்களுக்கு நடுவில் வாயு வரப் பார்க்கிறது, அடக்குகிறீர்கள். அப்படிப் பின்வாசலைச் சுருக்கி, அதோடு சேர்த்து முன்னால் சலம் வருகிற வழியையும் உள்ளுக்கு, மேலே இழுங்கள். பிட்டம் இறுகக்கூடாது, தொடை ஒட்டக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. என் முன்னால் செய்கிறவர்களிடம் "ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுங்கோ" என்பேன். எண்ண முடியவில்லை என்றால் மூச்சு நின்றுவிட்டது என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் கைக்கண்ணாடி பிடித்துப் பாருங்கள். இரண்டு வாசலுக்கும் இடைப்பட்ட சதை உள்ளே ஏற வேண்டும். வெளியே புடைத்தால் நிறுத்திவிட்டு ஒருவரிடம் காட்டிப் பழகுங்கள். இதில் வெட்கம் வேண்டாம், உங்கள் உடம்பு.

தொடக்கத்தில் 3 விநாடி பிடித்தாலே பெரிய காரியம். அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும், தளர்த்துவதும் பயிற்சிதான். மெதுவாக 10 விநாடி வரை கூட்டலாம். ஒரு தடவைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு 3 தடவை, குறைந்தது 3 மாதம். அப்புறம் வேகமாக இறுக்கி உடனே விடுவதையும் ஒரு பத்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள், தும்மலுக்கு அதுதான் உதவும். பால் கொடுக்கிற நேரத்தோடு இதைக் கட்டிவிடுங்கள், மறக்காது. பிள்ளை பிறந்து, சலம் எடுக்கப் போட்ட குழாயையும் கழற்றி, நோ தாங்கக்கூடியதாக இருந்தால் அடுத்த நாளே மெல்லத் தொடங்கலாம். தையல் பிரிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். சலம் போகும்போது இடையில் நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஒன்று: தயவுசெய்து விடுங்கள். பை முழுதாக வெறுமையாகாமல் போகும்.

இன்னொன்றை இன்றே தொடங்கலாம். தும்மல் வரப்போவது தெரிந்தவுடன், தும்ம முதல், அந்தத் தசையை இறுக்கி மேலே இழுத்துப் பிடியுங்கள். தும்மி முடிந்த பிறகு விடுங்கள். மிளகாய் வறுத்துத் தூள் இடிக்கிற நாளில் இதைப் பழகிய ஒரு அம்மா, குசினியில் நின்று தும்மியும் உடுப்பு நனையவில்லை என்று ஓடிவந்து சொன்னார். கதிரையால் எழும்பும்போது, பிள்ளையைத் தூக்கும்போது, கிணற்றில் வாளி இழுக்கும்போதும் இதே முறைதான்.

வாளி என்றதும் கணவன்மாருக்கும் ஒரு சொல். 31ஆம் நாள் துடக்குக் கழிந்தவுடன் தசையும் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். 12.5 கிலோ காஸ் சிலிண்டரையும் நிறைந்த தண்ணீர் வாளியையும் மனைவியிடம் விடாதீர்கள். அம்மாமாருக்கும் ஒன்று: வயிறு கட்டுகிறேன் என்று சீலையால் மூச்சு முட்ட இறுக்கினால், மேலே அமத்துவது கீழேதான் இறங்கும். தளர்வாகக் கட்டுங்கள்.

அவசரத்தோடு போகிறவர்களுக்கு வேறு பழக்கம். வீட்டைவிட்டு வெளிக்கிட முதல், "எதற்கும் ஒருக்கா" என்று போய்வருவதை விடுங்கள். அவசரம் வந்தால் ஓடாதீர்கள். கதிரை விளிம்பில் இருந்து ஐந்தாறு தரம் வேகமாக இறுக்குங்கள், அலை தணியும், பிறகு நடந்து போங்கள். ஒரு தரம் போனதற்கும் அடுத்த தரம் போவதற்கும் உள்ள இடைவெளியை 10, 15 நிமிடமாகப் படிப்படியாகக் கூட்டி 3 மணித்தியாலத்துக்குக் கொண்டுவாருங்கள். 6 கிழமையாவது எடுக்கும். மனம் விடாதீர்கள்.

பால் கொடுக்கிற காலத்தில் ஓமோன் குறைந்து பிறப்புறுப்புப் பகுதி வறண்டு மெலிந்திருக்கும். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டாம், அந்த ஓமோன் திரும்பி வரும்.

சிலதுக்குப் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக்கூடாது. பிள்ளை பிறந்து ஆறு மணித்தியாலமாகியும் சலம் போகவில்லை. இரவும் பகலும் நிற்காமல் வடிகிறது. மலமோ வாயுவோ அடங்கவில்லை. சலத்தில் இரத்தம், எரிவோடு காய்ச்சல், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி முட்டுகிற மாதிரி உணர்வு, தொடைநடுவில் உணர்ச்சியில்லாத விறைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

கிளினிக்கில் எப்படிச் சொல்வது என்று கேட்கிறார்கள். சிறுநீர் அடங்காமை என்றெல்லாம் வார்த்தை தேட வேண்டாம். வீட்டுக்கு வருகிற மருத்துவமாதுவிடம் "இருமினால் சலம் போகுது மிஸ், எனக்கு ஒரு கடிதம் தாங்கோ" என்று சொல்லுங்கள். போகும்போது ஒரு கொப்பியில் 3 நாள் கணக்கு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தேன், எப்போது போனேன், எப்போது கசிந்தது. எங்களுக்குப் பாதி வேலை அதிலேயே முடியும்.

அந்த ஆசிரியை இப்போது ஐந்தாவது கிழமைப் பயிற்சியில் இருக்கிறார். விடியத் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் படகேறுகிறாராம். தும்மலுக்கு இன்னும் கொஞ்சம் போகிறது, 3 மாதம் முடியட்டும். அடுத்த முறை வரும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ என்று சொல்லியிருக்கிறேன். அறுபது வயதிலும் இந்தத் தசை பயிற்சிக்கு இணங்கும்.