ரிப்போர்ட்டில் ‘ரத்தக்குழாய் கோளாறு’ என்று இருந்தால்

ஒற்றைத் தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்ட ஓர் இளம்பெண் ரிப்போர்ட்டோடு என் அறைக்கு வந்தார். உட்காரும் முன்பே, “டாக்டர், ஆபரேஷன் எப்போ?” என்றார். ரிப்போர்ட்டில் இருந்தது ‘டெவலப்மென்டல் வீனஸ் அனாமலி’ என்ற மூன்று சொற்கள்தான். இணையத்தில் தேடி, ரத்தக்கசிவு, பக்கவாதம் என்று எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார். பிறவியிலேயே சற்று வேறு மாதிரி அமைந்துவிட்ட சிரை அது. சுற்றியுள்ள நல்ல மூளைத் திசுவின் ரத்தம் அதன் வழியாகத்தான் வடிகிறது. அதை அடைத்தால்தான் ஆபத்து. விட்டுவிட்டால் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தராது. தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஸ்கேன் படிக்கும் டாக்டராக, இப்படிப்பட்ட படங்களில் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: தமனியின் அழுத்தம் நேராகச் சிரைக்குள் பாய்கிறதா? இரண்டுக்கும் நடுவே தந்துகிகள் இருந்து வேகத்தைத் தணிக்க வேண்டும். ஏ.வி.எம். என்ற கோளாறில் அந்த இடைவழியே கிடையாது. அந்த அழுத்தத்தைத் தாங்காமல் ரத்தக்கசிவு ஏற்படும் வாய்ப்பு ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 4 சதவீதம். ஏற்கெனவே ஒருமுறை கசிந்திருந்தால் இன்னும் அதிகம்.

இந்த ஓட்டத்தை எம்.ஆர்.ஐ. காட்டும் விதம் அழகானது. வேகமாக ஓடும் ரத்தம், இயந்திரம் சிக்னலைப் பிடிப்பதற்குள் அந்த இடத்தைக் கடந்துவிடும். அதனால் வழக்கமான படங்களில் அது கருப்பாகத் தெரியும். ஏ.வி.எம். என்றால் கரும்புழுக்கள் சுருண்டு கிடப்பது போலிருக்கும். ‘டைம் ஆஃப் ஃப்ளைட்’ என்ற இன்னொரு முறையில் அதே ஓட்டம் வெள்ளையாக ஒளிரும். ஊசி மருந்துகூட வேண்டாம். தமனிச் சுவர் பலூன் போல் புடைக்கும் அனூரிசத்தைத் தேட இதுதான் கைகொடுக்கும். 3 மில்லிமீட்டருக்கும் சிறியவை மட்டும் கண்ணில் படாமல் போகலாம்.

மெல்லிய சுவருள்ள சிறு ரத்தக்குழாய்கள் கொத்தாகச் சேர்ந்திருக்கும் கேவர்னோமா, ஏ.வி.எம்முக்கு நேர்மாறு. அதில் ரத்தம் ஓடுவதைவிடத் தேங்கி நிற்பதே அதிகம். ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் எடுத்தால் ஒன்றுமே தெரியாது. ஆனால் கசிந்த ரத்தம் விட்டுச்சென்ற இரும்புச்சத்தை எஸ்.டபிள்யூ.ஐ. என்ற வகை எம்.ஆர்.ஐ. படம் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும். பல புள்ளிகள் தெரிந்தால், குடும்பத்தில் யாருக்காவது வலிப்பு வந்திருக்கிறதா என்று விசாரிப்பேன். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும்.

ஏ.வி.எம்முக்கு ஆபரேஷன் எவ்வளவு சிக்கலானது என்பதை 1986-இல் வந்த ஸ்பெட்ஸ்லர்–மார்ட்டின் அளவுகோலை வைத்து மதிப்பிடுகிறார்கள். எவ்வளவு பெரியது, பேச்சு, அசைவு போன்ற முக்கியப் பகுதிகளில் இருக்கிறதா, ரத்தம் ஆழத்துச் சிரைகளில் வடிகிறதா: இவ்வளவுதான் அதில் கேள்வி. எங்கே இருக்கிறது என்பதை எம்.ஆர்.ஐ. போலத் துல்லியமாக வேறெதுவும் சொல்லாது. எந்தத் தமனி ஊட்டுகிறது, எந்த நொடியில் எந்தச் சிரை நிரம்புகிறது என்று பார்க்க மட்டும், 1927-இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த ஆஞ்சியோகிராமின் இன்றைய வடிவத்துக்குத்தான் போகவேண்டும். “எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சே, இது எதுக்கு?” என்று கோபப்படுபவர்களுக்கு என் பதில் இதுதான்.

திடீரென்று இடி விழுந்தாற்போல், வாழ்நாளில் வராத தலைவலி வந்தால் எம்.ஆர்.ஐக்கு நேரம் குறித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதலில் சி.டி.தான் எடுப்பார்கள். அனூரிசத்துக்கு முன்பே கிளிப் போட்டிருந்தால், அது எந்த வகை என்று எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டு இல்லாமல் ஸ்கேன் அறைக்குள் நுழையவே கூடாது. பழைய இரும்பு வகை கிளிப்புகள் காந்தத்தில் நகர்ந்துவிடும்.

இன்னொன்று, என் தவறு. ‘தலைவலி’ என்று மட்டும் எழுதிய சீட்டோடு வந்த ஒருவருக்குச் சாதாரண எம்.ஆர்.ஐ. எடுத்து, நார்மல் என்று எழுதிக்கொடுத்தேன். சில மாதம் கழித்து மறுபடி வந்தார். மேஜையில் படுக்கவைத்துக் காதுக்குப் பஞ்சு கொடுத்த டெக்னீஷியனிடம், “இந்தக் காதுல ஏற்கெனவே நாடி துடிக்கிற மாதிரி உஸ்உஸ்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குங்க” என்றிருக்கிறார். டெக்னீஷியன் ஓடிவந்து சொன்னார். ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஏ.எஸ்.எல். படத்தையும் சேர்த்து எடுக்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் போகும் பெரிய சிரை வெள்ளையாக ஒளிர்ந்தது. சிரையில் இருக்கக்கூடாத ஒளி அது. மூளை உறையில் தமனியும் சிரையும் நேராக இணைந்திருந்ததை ஆஞ்சியோகிராம் உறுதிசெய்தது. என் பழைய படங்களை எடுத்து மறுபடி பார்த்தேன். அதில் இதற்கான தடயம் ஒன்றுகூட இல்லை. அன்று முதல், சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், படுக்கும் முன் காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன்.